வலி ஒரு தட்டில், மருந்து ஒரு தட்டில்

தராசை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு தட்டில் எடைக்கல் வைப்பார்கள். மறு தட்டில் பொருளை வைப்பார்கள். எந்தத் தட்டு கனமோ அது கீழே இறங்கும்.

மருந்துக்கும் ஒரு தராசு உண்டு. ஒரு தட்டில் அந்த மருந்து தரும் நன்மை. மறு தட்டில் அது தரும் கெடுதல். இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் மருந்தைச் சாப்பிட வேண்டும்.

ஸ்டீராய்டு என்று ஒரு மருந்து இருக்கிறது. மூட்டு வலிக்குப் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். சாப்பிடுவது ஸ்டீராய்டு என்று தெரியாமலே சாப்பிடுகிறவர்களும் உண்டு. வேறு சிலர் அதன் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். தெரியாமல் சாப்பிடுவதும் தவறு. வெறும் பயமும் தவறு. இந்த மருந்தைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

தங்கவயலும் தூசும்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. மக்கள் அதை கே.ஜி.எஃப். என்பார்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் வேலைக்குப் போனார்கள். வரிசை வரிசையான சிறு வீடுகளில் குடியிருந்தார்கள். அந்த வரிசைகளுக்கு லைன் என்று பெயர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ஸ்கெலட்டன் எல்லாம் தங்கவயலைச் சேர்ந்த இடங்களே.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. பாறையைத் துளைத்துத் தங்கம் எடுத்தார்கள். துளைக்கும்போது தூசு கிளம்பும். அந்தத் தூசில் சிலிக்கா என்ற பொருள் உண்டு. அது மூச்சுக் காற்றோடு உள்ளே போகும். நுரையீரலில் தங்கி, அதைக் கெடுக்கும். அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர்.

1940-களில் தங்கவயல் மருத்துவமனையில் அந்தோணி கேப்லன் என்ற மருத்துவர் வேலை செய்தார். அவரும் உடன் இருந்த மருத்துவர்களும் 7,000-க்கும் அதிகமான தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 100 பேரில் 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. 1947-இல் இது அறிக்கையாக வந்தது.

கேப்லன் பிறகு பிரிட்டனுக்குப் போனார். அங்கே வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளர்களைச் சோதித்தார். அங்கும் தூசு. அங்கும் நுரையீரல் நோய். அதோடு இன்னொன்றையும் அவர் கண்டார். சில தொழிலாளர்களுக்கு முடக்குவாதமும் இருந்தது. அவர்களுடைய நுரையீரல் படத்தில் வேறு வகையான வட்டக் கட்டிகள் தெரிந்தன. இதை அவர் 1953-இல் எழுதினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயரையே சொல்கிறார்கள்.

பின்னால் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். சிலிக்கா தூசைச் சுவாசித்து வேலை செய்தவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. பீடி, சிகரெட் பிடித்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

தூசு மட்டுமே காரணம் அல்ல. சுரங்கத்துக்குள் இறங்காத பெண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. ஓர் ஆணுக்கு வந்தால், இரண்டு அல்லது மூன்று பெண்களுக்கு வருகிறது.

தங்கச் சுரங்கத்தை 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடிவிட்டார்கள். சுரங்கம் மூடினாலும் வலி மூடவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

இது என்ன வலி?

மூட்டு வலி எல்லாம் ஒன்று அல்ல. வயதானால் முழங்கால் தேயும். அது தேய்மானம். நடந்தால் வலிக்கும். உட்கார்ந்தால் குறையும்.

முடக்குவாதம் வேறு. நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் சக்தி இருக்கிறது. அது காவல்காரன் மாதிரி. முடக்குவாதத்தில் அந்தக் காவல்காரன் ஆள் தெரியாமல் நம் மூட்டையே அடிக்கிறான். மூட்டு வீங்கும். சூடாகும். வலிக்கும். இதற்கு அழற்சி என்று பெயர்.

அதன் அடையாளங்கள் இவை:

* விரல், மணிக்கட்டு, பாதம் ஆகிய சிறு மூட்டுகளில் வலி.
* இரண்டு கையிலும் வலி.
* காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும்.
* மூட்டு வீங்கியிருக்கும்.
* உடம்பு அசதியாக இருக்கும்.

இது ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்வார்கள். இந்த நோயை விட்டுவைத்தால் மூட்டை அரித்துவிடும். விரல் கோணிப்போகும். கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. ஆகவே பொறுத்துக்கொள்வது நல்லதல்ல.

ஸ்டீராய்டு எப்படி வந்தது?

நம் இரண்டு சிறுநீரகத்தின் மேலும் ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கிறது. அதற்கு அட்ரீனல் சுரப்பி என்று பெயர். அது தினமும் ஒரு நீரைச் சுரக்கிறது. அழற்சியை அடக்குவது அதன் வேலைகளில் ஒன்று. அதே வகைப் பொருளை மருந்தாகச் செய்தார்கள். அதுதான் ஸ்டீராய்டு.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனை. 29 வயதுப் பெண் ஒருவர் முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்தார். பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அவருக்கு ஒரு புது மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அதன் பெயர் கார்ட்டிசோன். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய் வந்தார்.

உலகமே வியந்தது. 1950-இல் ஹெஞ்சுக்கும், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் கொஞ்ச காலத்தில் இன்னொரு பக்கம் தெரிந்தது. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் முகம் வீங்கியது. எலும்பு வலுவிழந்தது. மனமும் தடுமாறியது. ஆக, இந்த மருந்து நோயை வேரோடு எடுப்பதில்லை. அடக்கி வைக்கிறது. அடக்கியதற்கு விலையும் கேட்கிறது.

ஓர் அம்மாவின் கதை

இது கற்பனைக் கதை. ஆனால் ஊர் ஊராக நடப்பதுதான்.

ஸ்கெலட்டனில் ஓர் அம்மா. வயது 48. கணவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகள் தினமும் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா விடியுமுன் எழுந்து சோறு கட்டிக் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு கையிலும் வலி. ஒருவர் சொன்னார் என்று கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கினார். செட் என்றால் தெரியுமல்லவா? மூன்று, நான்கு மாத்திரைகளை வெட்டி, ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது. அம்மா அதை எட்டு மாதம் சாப்பிட்டார். பிறகு உடம்பு சரியில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனார்.

டாக்டர்: "எத்தனை நாளா வலி, அம்மா?"

அம்மா: "ரெண்டு வருஷமா சார். காலையில விரலே மடங்காது. குடம் தூக்க முடியாது."

டாக்டர்: "என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

அம்மா: "செட் மாத்திரை சார். போட்ட மறுநாளே வலி போயிடுச்சு. களி கிண்டினேன். துணி துவைச்சேன். இவ்வளவு நாளா ஏன் வாங்கலன்னு நினைச்சேன்."

டாக்டர்: "இப்போ என்ன செய்யுது?"

அம்மா: "முகம் உப்பிடுச்சு சார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துட்டு, நல்லா தேறிட்டியேன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்போ ஒரே தாகம். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். படி ஏறினா தொடையில பலமே இல்ல."

டாக்டர் ரத்தம் சோதித்தார். சர்க்கரை அதிகம் இருந்தது. ரத்தக் கொதிப்பும் இருந்தது. உறையில் மீதி இருந்த மாத்திரைகளைப் பார்த்தார். ஒன்று வலி மாத்திரை. ஒன்று ஸ்டீராய்டு.

அம்மா: "அப்போ இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன் சார்."

டாக்டர்: "வேண்டாம் அம்மா. திடீர்னு நிறுத்தினா ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

அம்மா: "குறைச்சா வலி வருமே சார். நான் படுத்துட்டா வீட்டுல யாரு செய்வாங்க?"

டாக்டர்: "வலியைப் பொறுத்துக்கோங்கன்னு நான் சொல்லல. உங்க நோய்க்கு வேற மருந்து இருக்கு. அது வேலை செய்ய ரெண்டு, மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த ஸ்டீராய்டு குறைஞ்ச அளவுல இருக்கட்டும். அது பலன் கொடுக்கக் கொடுக்க இதைக் குறைப்போம்."

அம்மா அப்படியே செய்தார். நடுவில் சில நாள் வலி கூடியது. மருத்துவரிடம் போய்ச் சொன்னார். தானே மாத்திரையைக் கூட்டிக்கொள்ளவில்லை. ஐந்து மாதத்தில் ஸ்டீராய்டு மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. வீக்கம் குறைந்தது. சர்க்கரையும் இறங்கியது. ஒரு விரல் மட்டும் கோணியே இருக்கிறது. முன்பே வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம்.

முதல் தட்டு: நன்மை

உண்மையைச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல.

* வலியையும் வீக்கத்தையும் வேகமாகக் குறைக்கும். சில நாட்களிலேயே தெரியும்.
* படுத்துக் கிடப்பவர் எழுந்து வேலை செய்ய முடியும்.
* மூட்டு அரிப்பையும் ஓரளவு தடுக்கும். பிரிட்டனில் 128 நோயாளிகளிடம் ஆராய்ந்து 1995-இல் இதை எழுதினார்கள். தினமும் 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கை மூட்டு கெடுவது குறைந்திருந்தது.
* ஆஸ்துமா போன்ற வேறு சில நோய்களில் உயிரையே காப்பாற்றும்.

மறு தட்டு: கெடுதல்

சில கெடுதல்கள் சீக்கிரம் வரும்:

* அதிகப் பசி, தூக்கமின்மை, எரிச்சல்.
* சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கூடும்.
* வயிறு எரியும். வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம்.

சில கெடுதல்கள் மெல்ல வரும்:

* முகம் உப்பும். இது சதை அல்ல. உடம்பு தேறியதும் அல்ல.
* எலும்பு வலுவிழக்கும். சிறிதாகத் தடுக்கினாலும் முறியும். முதல் சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடும்.
* தோல் மெலியும். லேசாகப் பட்டாலும் கன்றிப்போகும்.
* கண்புரை வரும்.
* தொடை, தோள் தசைகள் பலம் இழக்கும்.
* கிருமி நோய்கள் எளிதில் தொற்றும்.

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2022-இல் முடிவு வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 451 முடக்குவாத நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் வழக்கமான மருந்தைச் சாப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு அதோடு தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள்.

ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு நோய் நன்றாக அடங்கியது. மூட்டு கெடுவதும் குறைந்தது. ஆனால் அவர்களில் 100-க்கு 60 பேருக்கு ஏதாவது ஒரு கெடுதல் வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 49 பேருக்குத்தான் வந்தது. பெரும்பாலும் அவை கிருமி நோய்கள்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 60-இல் 49 போனால் 11. 5 மில்லிகிராம் சிறிய அளவுதான். அதற்கே 100 பேரில் 11 பேர் கூடுதலாகக் கெடுதலைச் சந்தித்தார்கள். அதே சமயம் நன்மையும் கிடைத்தது. இதுதான் தராசு. இரண்டு தட்டிலும் கனம் இருக்கிறது.

தட்டை இறக்குவது எது?

மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. எவ்வளவு? அளவு கூடினால் கெடுதல் கூடும். வலியை அடக்கும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு.

2. எத்தனை நாள்? நாள் கூடினால் கெடுதல் கூடும். முடிந்தால் மூன்று மாதத்துக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அது முடியாது. சிலருக்குச் சிறு அளவு தொடர்ந்து தேவைப்படும். அவர்களும் அடிக்கடி சோதனைக்குப் போக வேண்டும்.

3. கூட வேறு மருந்து உண்டா? இது முக்கியமான கேள்வி. ஸ்டீராய்டை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே போனால் அதற்கு முடிவே இருக்காது.

வீடு கட்டும்போது சாரம் கட்டுவார்கள். சாரத்தில் நின்று சுவர் எழுப்புவார்கள். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். ஸ்டீராய்டு அந்தச் சாரம். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துதான் சுவர். சுவரே எழுப்பாமல் சாரத்திலேயே குடியிருக்க முடியுமா?

அந்தச் சுவர் மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். ஹைட்ராக்சிகுளோரோகுவின், சல்ஃபாசலசின் என்றும் மருந்துகள் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் சொல்வார்.

கவனம்: வாரத்துக்கு ஒரு நாள்!

மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.

ஆகவே ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மாத்திரை உறையின் மேல் அந்தக் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். "ஞாயிறு மட்டும்" என்று எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. மது குடிக்கக் கூடாது. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நுரையீரல் நோய் இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

திடீரென்று நிறுத்தாதீர்கள்

அட்ரீனல் சுரப்பியைப் பற்றி முன்பே படித்தோம். வெளியிலிருந்து மாத்திரை தினமும் வந்தால் அந்தச் சுரப்பி தூங்கிவிடும். சில வாரங்கள் சாப்பிட்டாலே இப்படி ஆகலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. அப்போது வாந்தி வரும். தலை சுற்றும். ரத்த அழுத்தம் இறங்கும். மயக்கம் வரும். உயிருக்கும் ஆபத்து.

மெல்லக் குறைத்தால் சுரப்பி மெல்ல விழிக்கும். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

காய்ச்சல், வாந்தி, விபத்து, அறுவைச் சிகிச்சை எது வந்தாலும் "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். மறக்காமல் சொல்ல வேண்டும்.

தங்கவயல் மக்களுக்கு இன்னொரு எச்சரிக்கை

சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கு டி.பி. எளிதில் வரும். அதாவது காசநோய். பலருடைய உடம்பில் டி.பி. கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு உடம்பின் காவலைக் குறைக்கிறது. காவல் குறைந்தால் தூங்கும் கிருமி எழுந்துவிடும்.

எனவே சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது டி.பி. வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். மருந்து தொடங்குமுன் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இருமல் இரண்டு வாரம் நீடித்தால், மாலையில் காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால் உடனே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். டி.பி. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

பெயர் தெரியாத மருந்து வேண்டாம்

ஸ்டீராய்டு மாத்திரைகளுக்குப் பல பெயர்கள் உண்டு. இந்த நான்கு பெயர்களையும் உரக்கப் படியுங்கள்.

பிரெட்னிசோலோன்
டெக்சாமெதசோன்
பீட்டாமெதசோன்
மெத்தில்பிரெட்னிசோலோன்

இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இது சட்டம். சில போலி வைத்தியர்கள் தரும் பொடியிலும் ஸ்டீராய்டைக் கலந்திருப்பது பலமுறை தெரியவந்திருக்கிறது. ஒரே நாளில் பல வருட வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள்.

எண்ணைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. டெக்சாமெதசோன் 0.75 மில்லிகிராமும் பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமும் ஏறத்தாழ ஒரே பலம். 0.75 சிறிய எண்தான். ஆனால் மருந்து சிறியது அல்ல.

மாத்திரை அட்டையில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் என்ன? கடைக்காரரிடமோ நர்சிடமோ கேளுங்கள். "இதன் பெயரைச் சொல்லுங்கள், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்.

மருந்தின் பெயர்: ..................
எத்தனை மில்லிகிராம்: ..................
எப்போது சாப்பிட வேண்டும்: ..................
தொடங்கிய தேதி: ..................
அளவு குறைத்த தேதி: ..................
சர்க்கரை: .......... ரத்த அழுத்தம்: .......... எடை: ..........

ஒவ்வொரு முறையும் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ராபர்ட்சன்பேட்டை மருத்துவமனைக்குப் போனாலும், கோலாருக்குப் போனாலும், பெங்களூருக்குப் போனாலும் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

சாப்பிடுகிறவர்கள் செய்ய வேண்டியவை

* காலையில் உணவுக்குப் பிறகு சாப்பிடுங்கள். மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.
* உப்பையும் இனிப்பையும் குறையுங்கள்.
* கேழ்வரகுக் களி, கீரை, பால் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அது எலும்புக்கு நல்லது. மருத்துவர் கால்சியம் மாத்திரை கொடுத்தால் அதையும் சாப்பிடுங்கள்.
* தினமும் கொஞ்சம் நடங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள்.
* பீடி, சிகரெட்டை விடுங்கள்.
* ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைச் சோதியுங்கள்.
* உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் நோய் வேறாக இருக்கலாம்.

வலியோடு வாழ வேண்டும் என்று யாருக்கும் விதி இல்லை. மருந்தால் கெட வேண்டும் என்றும் விதி இல்லை. மருத்துவரிடம் கேளுங்கள். "இது ஸ்டீராய்டா? எவ்வளவு? எத்தனை நாள்? கூட வேறு மருந்து உண்டா?" கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நோயாளியின் உரிமை.

சொல்லும் பொருளும்

அழற்சி: உடம்பில் ஓர் இடம் வீங்கி, சூடாகி, வலிப்பது
சுரப்பி: உடம்புக்குத் தேவையான நீரைச் சுரக்கும் உறுப்பு
சிலிக்கோசிஸ்: கல் தூசால் வரும் நுரையீரல் நோய்
கண்புரை: கண்ணின் உள்ளே படலம் விழுந்து பார்வை மங்குவது
சாரம்: கட்டடம் கட்டும்போது நின்று வேலை செய்யக் கட்டும் மரச் சட்டம்

விடை எழுதுங்கள்

1. தங்கச் சுரங்கத்தை எந்த ஆண்டு மூடினார்கள்?
2. முடக்குவாதத்தின் மூன்று அடையாளங்களை எழுதுங்கள்.
3. கதையில் வரும் அம்மாவின் முகம் ஏன் உப்பியது?
4. ஸ்டீராய்டை ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது?

கணக்குப் போடுங்கள்

ஒருவருக்கு மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் 4 மாத்திரை. ஒரு வாரத்துக்கு எத்தனை மில்லிகிராம்? 8 வாரத்துக்கு எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்?

(விடை: 10 மில்லிகிராம். 32 மாத்திரை.)

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் தெருவில் செட் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டா? ஏன் வாங்குகிறார்கள்? மருத்துவமனை தூரமா? கூலி போய்விடும் என்ற கவலையா?
2. "வலி தாங்க முடியவில்லை, பின்னால் என்ன வந்தாலும் பரவாயில்லை" என்று ஒருவர் சொல்கிறார். "உயிரே போனாலும் ஸ்டீராய்டு வேண்டாம்" என்று இன்னொருவர் சொல்கிறார். இருவருக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எடுத்து வையுங்கள். எத்தனை மாத்திரைகளின் பெயர் உங்களுக்குத் தெரியும்? தெரியாதவற்றின் பெயரை நாளை கேட்டு நோட்டில் எழுதுங்கள்.